லினக்ஸ் உலாவிகளில் வரைகலை அடுக்குச் சேர்ப்பு

அடுக்குச் சேர்ப்பு என்பது ஓர் இணையப்பக்கத்தின் பகுதிகளைத் தனித்தனிப் படலங்களாக வரைந்து வைத்துக்கொண்டு, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித் திரைக்கான ஒரே படமாக ஆக்கும் வேலையாகும். கணினித் துறையில் இது கம்போசிட்டிங் என்ற பெயரிலேயே பரவலாக வழங்குகிறது. இந்த வேலையைக் கணினியின் மையச் செயலி செய்யலாம். வரைகலைச் செயலியும் (ஜிபியு) செய்யலாம். விண்டோஸ், மேக் கணினிகளில் இத்தேர்வு பெரும்பாலும் ஒருமுறை முடிவு செய்யப்பட்டு அத்துடன் நின்றுவிட்டது. லினக்ஸில் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாக இது மாறி மாறி முடிவு செய்யப்பட்டு வந்துள்ளது. ஃபயர்பாக்ஸ், வெப்கிட்ஜிடிகே ஆகிய இரண்டின் வரலாறும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள்.

தவறான தேர்வின் விளைவைப் பயனர் உடனே உணர்கிறார். பக்கத்தை உருட்டும்போது படம் கிழிந்தது போலத் தெரியும். மடிக்கணினியின் விசிறி சத்தமிடும். மின்கலம் விரைவில் தீரும். சில கணினிகளில் உலாவிச் சாளரம் வெறும் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிற்கும். பழைய கணினிக்குப் புத்துயிர் தர வேண்டும் என்பதற்காகவே லினக்ஸை நிறுவுபவர்கள் பலர். எனவே நினைவகம் குறைந்த கணினிகளை ஒதுக்கிவிட்டு இங்கு எந்த முடிவையும் எடுக்க இயலாது.

பக்கம் திரைக்கு வரும் வழி

உலாவி முதலில் பக்கத்தின் குறிமொழியையும் நடைதாளையும் படித்து, ஒவ்வோர் உறுப்பும் எங்கே, எந்த அளவில் அமைய வேண்டும் என்று கணக்கிடுகிறது. அடுத்து எழுத்து, கோடு, நிறம், படம் ஆகியவற்றைப் படப்புள்ளிகளாக வரைகிறது. மூன்றாவது கட்டம்தான் அடுக்குச் சேர்ப்பு.

பழைய முறை அசைவுப்படங்களில் பின்னணியை ஒருமுறை வரைந்து வைத்து, அதன்மேல் நகரும் உருவத்தை மட்டும் ஒளிபுகும் தாளில் தனியாக வரைவார்கள். உருவம் நகர்ந்தால் தாளை நகர்த்தினால் போதும். பின்னணியை மீண்டும் வரைய வேண்டியதில்லை. உலாவியும் இதையேதான் செய்கிறது. பக்கத்தில் ஒரு பட்டி வலமிருந்து இடமாகச் சறுக்கி வருகிறது என்றால், அந்தப் பட்டியைத் தனிப் படலமாக வைத்திருந்தால் ஒவ்வொரு சட்டகத்திலும் அதன் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். படலம் இல்லையென்றால் பட்டியையும், அதன் அடியில் மறைந்து வெளிப்படும் பகுதியையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு 60 சட்டகங்கள் காட்டும் திரையில் ஒரு சட்டகத்திற்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி மட்டுமே.

படலங்களை நகர்த்துவது, சாய்ப்பது, ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைப்பது போன்றவை ஜிபியுவுக்கு மிக எளிய வேலைகள். ஆயிரக்கணக்கான படப்புள்ளிகளில் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் செய்யவே அது வடிவமைக்கப்பட்டுள்ளது. அப்படியானால் எல்லாவற்றையும் ஜிபியுவிடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். அங்குதான் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நினைவகத்தின் விலை

ஒரு படப்புள்ளிக்கு நான்கு பைட் தேவை: சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 1920×1080 அளவுள்ள திரையை முழுதாக மூடும் ஒரு படலத்திற்கு 82,94,400 பைட், அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் பைட் வேண்டும். 3840×2160 அளவுள்ள 4கே திரையில் இது நான்கு மடங்காகி 3.3 கோடி பைட்டைத் தொடும். இது ஒரு படலத்தின் கணக்கு மட்டுமே. திரையில் ஒரு படம் தெரியும்போதே அடுத்த படம் தயாராக வேண்டும் என்பதால் இறுதிப் படத்திற்கும் குறைந்தது இரண்டு இடையகங்கள் தேவைப்படும்.

ஒரு பக்கம் 10,000 படப்புள்ளி உயரம் கொண்டிருந்தால் அதை முழுதாக ஒரே படலமாக வைக்க 7.6 கோடி பைட்டுக்கு மேல் ஆகும். இதைத் தவிர்க்க உலாவிகள் பக்கத்தை ஓடுகளாகப் பிரித்து, திரையில் தெரியும் ஓடுகளையும் அவற்றை ஒட்டிய சிலவற்றையும் மட்டும் வரைந்து வைத்துக்கொள்கின்றன. ஓர் ஓட்டின் அளவு 256×256 என்று கொண்டால் முழுத் திரைக்கு 40 ஓடுகள் வேண்டும்.

இதைவிடத் தொல்லையானது படலப் பெருக்கம். ஓர் உறுப்பு தனிப் படலமாக ஆகிவிட்டால், அதன்மேல் சற்றே ஒன்றின்மேல் ஒன்றாகப் படியும் மற்ற உறுப்புகளும் தனிப் படலங்களாக வேண்டும். இல்லையென்றால் மேலே இருக்க வேண்டியது கீழே போய்விடும். 1200×200 அளவுள்ள ஒரு பெட்டிக்கு 9.6 இலட்சம் பைட் ஆகிறது. அசையும் ஒரு சிறு சின்னத்தின்மேல் படியும் பட்டியலில் இப்படி 100 பெட்டிகள் இருந்தால் 9.6 கோடி பைட் போய்விடும். பக்கத்தை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. போதாக்குறைக்கு, உறுப்பை முப்பரிமாணத்தில் சுழியம் தொலைவு நகர்த்தும் ஒரு வரியைச் சேர்த்தால் பக்கம் வேகமாகும் என்ற தந்திரம் இணைய வடிவமைப்பாளர்களிடையே பரவியது. அந்த வரி உறுப்பைத் தனிப் படலமாக்க உலாவியை வற்புறுத்தும். எல்லா உறுப்புக்கும் அதைச் சேர்த்துவிட்டால் வேகம் கூடாது, குறையவே செய்யும்.

லினக்ஸின் தனிச் சூழல்

விண்டோஸில் டைரக்ட்3டி, மேக்கில் ஆப்பிளின் சொந்த வரைகலை அடுக்கு என்று ஒரே அடித்தளம் உண்டு. லினக்ஸில் அடித்தளமே பல துண்டுகளாக இருக்கிறது. 1984-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி 1987-இல் பதினோராம் பதிப்பை அடைந்த எக்ஸ் சாளர முறைமை ஒருபுறம். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலாண்டு மறுபுறம். எக்ஸ்11-இல் ஓப்பன்ஜிஎல்லை அணுக ஜிஎல்எக்ஸ், ஈஜிஎல் என்று இரண்டு வாயில்கள். இண்டெல், ஏஎம்டி வரைகலைச் செயலிகளுக்கு மேசா என்னும் திறமூல இயக்கித் தொகுப்பு. என்விடியாவுக்கு அந்நிறுவனத்தின் மூடிய இயக்கி, அல்லது நூவோ என்னும் திறமூல மாற்று. இவற்றுள் எந்தக் கலவை பயனரிடம் இருக்கும் என்று உலாவியை எழுதுபவரால் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. குனோம், கேடீஈ போன்ற மேசைத்தளங்களே எல்லாச் சாளரங்களையும் ஜிபியுவில் சேர்த்துத் திரைக்கு அனுப்புகின்றன. உலாவி தன் படலங்களைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. மேசைத்தளம் அந்தப் படத்தை மற்றச் சாளரங்களுடன் மீண்டும் சேர்க்கிறது. ஒரே வேலை இருமுறை நடக்கிறது. 1920×1080 திரை முழுவதையும் நொடிக்கு 60 முறை ஒருதடவை நகலெடுத்தாலே ஏறத்தாழ 50 கோடி பைட் நகர்கிறது. ஜிபியுவுக்குத் தனி நினைவகம் இல்லாத மடிக்கணினியில் இந்தப் போக்குவரத்து முழுவதும் மையச் செயலியின் நினைவகப் பாதையிலேயே நடக்கும்.

மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸை இயக்குவோர் வேறொரு பொறியில் சிக்குகிறார்கள். அங்கு உண்மையான ஜிபியு கிடைக்காதபோது மேசா, எல்எல்விஎம்பைப் என்னும் மென்பொருள் வழியே ஓப்பன்ஜிஎல் வசதியை மையச் செயலியிலேயே நடித்துக் காட்டும். ஓப்பன்ஜிஎல் இருக்கிறதா என்று உலாவி கேட்டால் இருக்கிறது என்றே விடை வரும். அதை நம்பி ஜிபியு வழியைத் தேர்ந்தால், ஜிபியுவுக்கென்று எழுதப்பட்ட வேலை முழுவதும் மையச் செயலியின் தலையில் விழும். ஆகவே இருக்கிறதா என்று கேட்டால் போதாது. யார் விடை சொல்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

ஃபயர்பாக்ஸின் முதல் வழி

2011 மார்ச்சில் வந்த ஃபயர்பாக்ஸ் 4 விண்டோஸிலும் மேக்கிலும் ஜிபியு வழி அடுக்குச் சேர்ப்பைக் கொண்டுவந்தது. லினக்ஸில் அது இயல்பாக இயக்கப்படவில்லை. அன்றைய இயக்கிகளில் பல, உலாவி கேட்கும் சாதாரண ஓப்பன்ஜிஎல் கட்டளைகளுக்கே நிலைகுலைந்தன. இயக்கி நிலைகுலைந்தால் உலாவியும் சேர்ந்து விழும். இதற்காக ஃபயர்பாக்ஸ் ஒரு தற்காப்பைச் செய்துகொண்டது: தொடங்கும்போது ஒரு சிறு துணைச் செயல்முறையைக் கிளப்பி, இயக்கியின் பெயரையும் பதிப்பையும் அதன்மூலம் கேட்டறியும். அந்தத் துணை விழுந்தாலும் உலாவி விழாது. இந்தக் கணினியில் ஜிபியு வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு தொடரும். ஆழம் பார்க்கக் கோலை விட்டுப் பார்ப்பது போன்ற இந்த எளிய உத்தி நீண்டகாலம் பயனளித்தது.

ஓப்பன்ஜிஎல்லுக்குப் பதில் லினக்ஸில் எக்ஸ்ரெண்டர் பயன்பட்டது. கீத் பேக்கார்டு வடிவமைத்த இந்த எக்ஸ் நீட்டிப்பில், படங்கள் எக்ஸ் சேவையகத்தின் பக்கமே வைக்கப்படும்; இதை அதன்மேல் இவ்வளவு ஒளிபுகும் தன்மையுடன் பதி என்று உலாவி கட்டளை மட்டும் அனுப்பும். சேவையகத்தின் இயக்கி திறமையாக இருந்தால் ஜிபியுவே அதைச் செய்துவிடும். கெய்ரோ என்னும் வரைகலை நூலகம் இந்த வழியை இயல்பாகவே ஆதரித்ததால் ஃபயர்பாக்ஸுக்கு இது வசதியாக இருந்தது.

ஆனால் எக்ஸ்ரெண்டர் வழியில் வேகம் இயக்கியைப் பொறுத்தது. ஒரு கட்டளையை இயக்கி அறியாவிட்டால், சேவையகம் படத்தை ஜிபியுவிலிருந்து திரும்ப இழுத்து, மையச் செயலியில் வரைந்து, மீண்டும் அனுப்பும். இந்தப் போய்வரலின் செலவு, தொடக்கத்திலிருந்தே மையச் செயலியில் வரைவதைவிட அதிகம். பின்னாளில் பாதுகாப்பும் இதற்கு எதிராக நின்றது. இணையப்பக்கத்தைக் கையாளும் செயல்முறை எக்ஸ் சேவையகத்துடன் நேரடியாகப் பேசக்கூடாது. பேசினால் தீய பக்கம் ஒன்று மற்றச் சாளரங்களை எட்டிப் பார்க்க வழி ஏற்படும். பக்கங்கள் தனிச் செயல்முறைகளுக்குள் அடைக்கப்பட்ட பிறகு எக்ஸ்ரெண்டர் கைவிடப்பட்டு, லினக்ஸ் ஃபயர்பாக்ஸ் பல ஆண்டுகள் மையச் செயலியிலேயே அடுக்குகளைச் சேர்த்து வந்தது. அது பின்னடைவு போலத் தோன்றினாலும், எந்தக் கணினியிலும் விழாமல் ஓடியது என்பதை மறுக்க இயலாது.

வெப்கிட்ஜிடிகே: எப்போதுமா, தேவைக்கு மட்டுமா?

வெப்கிட்ஜிடிகே என்பது வெப்கிட் இயந்திரத்தின் லினக்ஸ் வடிவங்களுள் ஒன்று. ஸ்பெயினின் கலீசியாவைச் சேர்ந்த இகாலியா நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைப் பெரும்பங்கு பராமரிக்கிறார்கள். எபிபனி என்னும் குனோம் உலாவி இதில் இயங்குகிறது. ஆனால் இதன் பயன் உலாவியோடு முடியவில்லை என்பதே இங்கு முக்கியம். எவல்யூஷன் மின்னஞ்சல் செயலி ஒரு மடலைக் காட்டவும், எல்ப் என்னும் குனோம் உதவிச் செயலி ஓர் உதவிப் பக்கத்தைக் காட்டவும் இதே இயந்திரத்தைத்தான் அழைக்கின்றன. நான்கு வரி மடலுக்கு ஜிபியு தேவையில்லை. வரைபடத் தளத்திற்குத் தேவை. இரண்டுக்கும் ஒரே நூலகம்.

2016 செப்டம்பரில் வந்த 2.14 பதிப்பு துணிச்சலான ஒரு முடிவை எடுத்தது. அடுக்குச் சேர்ப்பைப் பக்கத்தின் முதன்மை இழையிலிருந்து பிரித்துத் தனி இழைக்கு மாற்றியது. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஏதேனும் ஒரு கணக்கில் மூழ்கி முதன்மை இழையை அடைத்துக்கொண்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் அசைவு நிற்காது. இதோடு சேர்த்து, எல்லாப் பக்கங்களுக்கும் எப்போதும் ஜிபியு வழி என்றும் ஆக்கப்பட்டது. அதற்கு முன்பு, பக்கத்தில் முப்பரிமாண மாற்றமோ வேறு தகுந்த காரணமோ இருந்தால் மட்டுமே ஜிபியு வழிக்கு மாறும் நடைமுறை இருந்தது. ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் மாறும்போது திரை ஒருகணம் மின்னும். இரண்டு வழிகளுக்கும் தனித்தனி நிரல் வைத்துப் பராமரிக்க வேண்டும். எப்போதும் ஒரே வழி என்றால் இந்தத் தலைவலிகள் தீரும். நிரலாளரின் பக்கம் நின்று பார்த்தால் முடிவு சரியானதே.

பயனர்களின் கணினிகள் வேறு விதமாக விடையளித்தன. இயக்கிப் பிழைகள் இதுவரை முப்பரிமாணப் பக்கங்களைத் திறந்தவர்களுக்கு மட்டுமே தெரிந்தன. இப்போது எல்லோருக்கும் எல்லாப் பக்கங்களிலும் தெரியத் தொடங்கின. நினைவகப் பயன்பாடும் கூடியது. ஓப்பன்ஜிஎல் சூழல் ஒன்றைத் திறந்தாலே இயக்கியின் நூலகங்கள் அந்தச் செயல்முறைக்குள் ஏறிக்கொள்ளும். பக்கங்கள் பல செயல்முறைகளில் ஓடும்போது இந்தச் செலவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஏற்படும். அதன்மேல் படலங்களுக்கான நினைவகம் வேறு.

2017-இன் தொடக்கத்தில் வந்த 2.14.4 பதிப்பில் தேவைக்கு மட்டும் என்ற பழைய நடைமுறை திரும்பி வந்தது. தனி இழை மட்டும் அப்படியே இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த 2.16 பதிப்பில் ஓர் அமைப்பு சேர்க்கப்பட்டது. வெப்கிட்ஜிடிகேயைப் பயன்படுத்தும் செயலி, தேவைக்கு, எப்போதும், ஒருபோதும் வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றைத் தானே சொல்லிக்கொள்ளலாம். இயந்திரத்தை எழுதியவருக்குத் தெரியாத ஒன்று செயலியை எழுதியவருக்குத் தெரியும்: காட்டப்போவது மடலா, விளையாட்டா என்பது. அந்த அறிவு இருக்கும் இடத்திற்கே முடிவை நகர்த்தியதுதான் இந்த மாற்றத்தின் சிறப்பு.

ஆனால் இதுவும் நிலைக்கவில்லை. இயக்கிகள் மெல்ல மெல்லத் தேறின. எளிய தளங்கள்கூட அசைவுகளையும் நிலைத்து நிற்கும் தலைப்பட்டைகளையும் பயன்படுத்தத் தொடங்கின. தேவைக்கு மட்டும் என்று வைத்தாலும் பெரும்பாலான பக்கங்கள் ஜிபியு வழிக்கே போய்ச்சேர்ந்தன. ஜிடிகே 4-க்கான இடைமுகத்தில் தேவைக்கு என்ற நடுவழி நீக்கப்பட்டு, எப்போதும், ஒருபோதும் வேண்டாம் என்ற இரண்டு மட்டுமே உள்ளன. 2016-இல் முன்கூட்டியே வந்த முடிவு, இயக்கிகள் தேறிய பிறகு எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது.

படத்தைக் கைமாற்றுதல்

பக்கத்தை வரைவது ஒரு செயல்முறை. சாளரத்தை வைத்திருப்பது இன்னொரு செயல்முறை. ஜிபியுவில் உருவான படத்தை முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் கொண்டுசேர்ப்பது எப்படி? மையச் செயலியின் நினைவகத்திற்கு நகலெடுத்துப் பகிரலாம். ஆனால் ஜிபியுவால் கிடைத்த ஆதாயம் அதிலேயே கரைந்துவிடும்.

எக்ஸ்11-இல் வெப்கிட்ஜிடிகே ஒரு மறைவுச் சாளரத்தைப் பயன்படுத்தியது. பக்கச் செயல்முறை திரையில் தெரியாத சாளரம் ஒன்றில் வரையும். முதன்மைச் செயல்முறை எக்ஸ் சேவையகத்திடம் அச்சாளரத்தின் படத்தைக் கேட்டுப் பெறும். அதில் மாற்றம் நேர்ந்ததும் சேவையகம் அறிவிக்கும். வேலாண்டில் இப்படி ஒரு பொதுச் சேவையகம் இல்லாததால், முதன்மைச் செயல்முறையே தனக்குள் ஒரு குட்டி வேலாண்டு சேவையகத்தை நடத்தியது. பக்கச் செயல்முறை அதற்கு வாடிக்கையாளர்; அதுவோ மேசைத்தளத்திற்கு வாடிக்கையாளர். பெட்டிக்குள் பெட்டி வைத்தது போன்ற இந்த ஏற்பாடு வேலை செய்தது என்றாலும் இரண்டு சூழல்களுக்கும் முற்றிலும் வேறான நிரல்கள் தேவைப்பட்டன.

டிஎம்ஏ-பஃப் என்னும் லினக்ஸ் கருவக வசதி இதை எளிதாக்கியது. ஜிபியு நினைவகத்தில் உள்ள ஓர் இடையகத்திற்குக் கோப்பு எண் ஒன்றைக் கருவகம் கொடுக்கும். அந்த எண்ணை இன்னொரு செயல்முறைக்கு அனுப்பினால் அதுவும் அதே நினைவகத்தை அணுகலாம். படம் நகலாவதில்லை, உரிமைச்சீட்டு மட்டும் கைமாறுகிறது. வெப்கிட்ஜிடிகே 2023-இல் வந்த 2.42 பதிப்பில் இந்த வழிக்கு மாறியது. எக்ஸ்11, வேலாண்டு இரண்டுக்கும் ஒரே நிரல் என்பது பெரும் ஆதாயம். எனினும் சில என்விடியா கணினிகளில் சாளரம் வெறுமையாக நிற்கும் சிக்கல் எழுந்தது. இந்த வழியை அணைக்கும் சூழல்மாறி ஒன்று உதவிக் குறிப்பாக இன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. என்விடியாவின் மூடிய இயக்கி, மற்ற இயக்கிகள் பயன்படுத்தும் ஜிபிஎம் இடைமுகத்தை 2021-இல் வந்த 495 வரிசையில்தான் ஏற்கத் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

வெப்ரெண்டர்

ஃபயர்பாக்ஸ் வேறொரு திசையில் சென்றது. மொசில்லாவின் சர்வோ ஆய்வுத் திட்டத்தில், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட வெப்ரெண்டர், எந்த உறுப்பைப் படலமாக்குவது என்ற கேள்வியையே தவிர்க்கப் பார்த்தது. கணினி விளையாட்டுகள் ஒவ்வொரு சட்டகத்திலும் காட்சி முழுவதையும் ஜிபியுவில் புதிதாக வரைகின்றன. இணையப்பக்கத்தையும் அப்படியே வரைந்தால் என்ன என்பதே அதன் அடிப்படை. பக்கம் ஒரு வரைதல் பட்டியலாக மாற்றப்பட்டு ஜிபியுவுக்குச் செல்லும். எதைப் படலமாக்குவது என்ற ஊகம் இல்லை. ஊகம் தவறினால் திடீரென்று மந்தமாகும் நிலையும் இல்லை.

ஆனால் விளையாட்டு ஆடுபவர் மின்கலம் தீர்வதைப் பொருட்படுத்தமாட்டார். செய்தி படிப்பவர் அப்படியல்லர். பக்கத்தில் ஓர் எழுத்துச்சுட்டி மட்டும் மின்னுவதற்காக முழுத் திரையையும் வரைவது வீண். எனவே மாறாத பகுதிகளை ஓடுகளாகச் சேமித்து வைக்கும் ஏற்பாடு பின்னர் வெப்ரெண்டரிலும் சேர்க்கப்பட்டது. வாசல் வழியே அனுப்பிவைத்த படலங்கள் ஓரளவு சன்னல் வழியே திரும்பி வந்தன.

2019 மே மாதம் ஃபயர்பாக்ஸ் 67-இல் விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றில் வெப்ரெண்டர் முதலில் இயல்பாக்கப்பட்டது. லினக்ஸுக்கு அந்த முறை வந்தது 2020 டிசம்பரில், 84-ஆம் பதிப்பில். அதுவும் எக்ஸ்11-இல் குனோம் மேசைத்தளம் வைத்திருப்பவர்களுக்கு. ஃபயர்பாக்ஸ் 4-க்குப் பிறகு ஏறத்தாழ பத்தாண்டுகள் கடந்திருந்தன. 2021 நவம்பரில் வந்த 94-ஆம் பதிப்பு, எக்ஸ்11 பயனர்களில் பலரை ஜிஎல்எக்ஸிலிருந்து ஈஜிஎல்லுக்கு மாற்றியது. ஈஜிஎல்லில் டிஎம்ஏ-பஃப் பகிர்வு எளிது. திரையில் மாறிய பகுதியை மட்டும் புதுப்பி என்று சொல்லவும் வழி உண்டு. மின்கலத்தைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வசதியின் மதிப்பு பெரிது. 2023 டிசம்பரில் வந்த 121-ஆம் பதிப்பில், வேலாண்டு மேசைத்தளங்களில் எக்ஸ் வழியைச் சுற்றாமல் நேரடியாக வேலாண்டைப் பயன்படுத்துவது இயல்பாயிற்று.

ஜிபியு நம்பத்தகாத கணினிகளுக்கு மொசில்லா கண்ட தீர்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. வெப்ரெண்டரின் ஜிபியு நிரல்களைத் தொகுப்பு நேரத்திலேயே சி++ நிரல்களாக மொழிமாற்றி, மையச் செயலியில் ஓடவைத்தார்கள். இதன் பெயர் எஸ்டபிள்யூஜிஎல். எல்எல்விஎம்பைப் போல எந்த ஓப்பன்ஜிஎல் நிரலையும் ஓட்ட வேண்டிய சுமை இதற்கு இல்லை. வெப்ரெண்டருக்கு வேண்டியதை மட்டும் செய்தால் போதும் என்பதால் வேகமாக ஓடுகிறது. மேல்மட்ட நிரல் ஒன்றே. அடிமட்டம் மட்டும் கணினிக்கு ஏற்ப மாறுகிறது. பழைய அடுக்குச் சேர்ப்பு நிரல்களை ஃபயர்பாக்ஸ் முழுதாகக் களைய முடிந்ததும் இதனால்தான். இரண்டு வழிகளை அருகருகே வளர்த்து வந்த வெப்கிட்ஜிடிகேயின் பழைய ஏற்பாட்டைவிட இது கட்டமைப்பில் தூய்மையானது என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பெரிய அணி பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

குரோமியம் இந்த வழக்கில் ஓரளவு நடுவே நிற்கிறது. ஜிபியுவுடன் பேசுவதற்கென்றே தனிச் செயல்முறை ஒன்றை வைத்திருக்கிறது. இயக்கி விழுந்தால் அதை மட்டும் மீண்டும் தொடங்கிக்கொள்ளும். சிக்கலான இயக்கிகளின் நீண்ட தடைப்பட்டியல் ஒன்றும் அதனுடன் வருகிறது. வரைவதற்கு அது பயன்படுத்தும் ஸ்கியா நூலகத்தையே, 2024-இல் வந்த 2.46 பதிப்பில், கெய்ரோவைக் கைவிட்டு வெப்கிட்ஜிடிகேயும் ஏற்றது.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

ஒரு செயலிக்குள் இணையப்பக்கம் காட்ட விரும்பும் நிரலாளர், காட்டப்போகும் உள்ளடக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. உதவிப் பக்கம், மடல், செய்தியோடை போன்றவற்றுக்கு ஜிபியுவை அணைத்துவைத்தால் நினைவகம் மிச்சமாகும். செயலி விரைவாகத் திறக்கும். இயக்கிப் பிழை ஒன்றும் அண்டாது. வரைபடம், காணொளி, வெப்ஜிஎல் காட்சி உள்ள இடத்தில் ஜிபியு இல்லாமல் முடியாது. காணொளிக்கு இன்னொரு காரணமும் உண்டு: குறிநீக்கிய சட்டகம் ஏற்கெனவே ஜிபியு நினைவகத்தில் இருக்கும், அடுக்குச் சேர்ப்பும் அங்கேயே நடந்தால்தான் அதை நகலெடுக்காமல் திரைக்கு அனுப்பலாம். ஃபயர்பாக்ஸ் 115-இல், 2023 ஜூலையில், இண்டெல் கணினிகளுக்கு வன்பொருள் வழிக் குறிநீக்கம் இயல்பாக்கப்பட்டபோது, அதற்கு முன் பல பதிப்புகளாக டிஎம்ஏ-பஃப் பாதை செப்பனிடப்பட்டு வந்திருந்தது.

தொலைவிலிருந்து வலையமைப்பு வழியே சாளரத்தைக் காட்டும் சூழலில் மையச் செயலி வழியே பெரும்பாலும் மேல். ஜிபியுவில் உருவான படத்தை எப்படியும் திரும்ப எடுத்து வலையமைப்பில் அனுப்பியாக வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அது ஓட்டத்தின்போது மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். இயல்பமைப்பு நூற்றில் தொண்ணூறு பேருக்குச் சரியாக இருக்கலாம். மீதிப் பேருக்குத் திரை வெள்ளையாக நிற்கும்போது, அமைப்புப் பக்கத்தைத் திறந்து மாற்றக்கூட முடியாது. அமைப்புப் பக்கமும் அதே வழியில்தானே வரையப்படுகிறது. அதனால்தான் இத்தகைய மாற்றங்களுக்குக் கட்டளைவரி விருப்பமோ சூழல்மாறியோ கட்டாயம் தேவைப்படுகிறது.

சரிபார்க்கும் முறை

தன் உலாவி எந்த வழியில் இயங்குகிறது என்பதைப் பயனர் எளிதில் அறியலாம். ஃபயர்பாக்ஸின் உதவிப் பட்டியில் உள்ள பிழைநீக்கத் தகவல் பக்கத்தில் வரைகலைப் பிரிவின் கம்போசிட்டிங் வரியில் வெப்ரெண்டர் என்று மட்டும் இருந்தால் ஜிபியு வழி; அதனுடன் சாஃப்ட்வேர் என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் மையச் செயலி வழி. அதே பக்கத்தில் சாளர முறைமை எக்ஸ்11-ஆ வேலாண்டா என்பதும், ஒரு வசதி தடுக்கப்பட்டிருந்தால் அதற்கான காரணமும் காட்டப்படும். குரோமியத்திலும் வெப்கிட்ஜிடிகே உலாவிகளிலும் ஜிபியு என்ற பெயரிலேயே உள்ளகப் பக்கம் ஒன்று உண்டு. இயக்கியின் பெயர் எல்எல்விஎம்பைப் என்று அங்கே தெரிந்தால், கணினியில் நல்ல ஜிபியு இருந்தும் அதன் இயக்கி சரியாக நிறுவப்படவில்லை என்று பொருள். அந்நிலையில் உலாவியின் அமைப்புகளை மாற்றுவதற்கு முன் மேசாவையோ என்விடியா இயக்கியையோ சரிசெய்ய வேண்டும்.